டிக் விழாத பதினோராம் படி

15.6.2025, ஞாயிறு. ஸ்கூடாய், ஜொகூர்.

ஒரு சிறு தவறு. முதலில் அதை எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எப்படியாவது எழுதாமல் விட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமை மாலை அக்காவின் காருக்கு முன்பக்க பிரேக் பேட் மாற்றியபோது, இடது சக்கரத்தின் பதினோராம் படிக்கு எதிரே நான் டிக் போடவில்லை.

மாலை வகுப்பில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் தாளில் ஒரு சக்கரத்துக்குப் பதினெட்டுப் படிகள். ஒவ்வொன்றையும் முடித்த கையோடு பென்சிலால் டிக் போட வேண்டும். பதினோராம் படி, பிரேக்கைப் பிடித்து நிற்கும் கீழ் போல்ட்டை அளவு ஸ்பேனரால் இறுக்குவது. வேண்டிய இறுக்கம் வந்ததும் அந்த ஸ்பேனர் ‘டக்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். வலது பக்கத்தில் பதினெட்டு டிக் இருந்தன. இடது பக்கத்தில் பதினேழு. இன்று காலை நெடுஞ்சாலையில் பாகோ ஓய்விடத்தில், வீட்டை விட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்த பிறகு, அம்மா கட்டிக் கொண்டுவந்த தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது.

தாளை ஏன் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன் என்றால், என் சுபாவம் அது. கேஸ் அடுப்பை மூடிவிட்டேனா என்று மாடிப்படியில் பாதி இறங்கித் திரும்பி ஏறுகிற ஆள் நான். வகுப்பில் ஆசிரியருக்குக் காட்டுவதற்கு மலாயில் ஒரு வேலைக் குறிப்பேடு எழுதுகிறோம். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. செய்தேன், செய்யவில்லை, இரண்டுதான். சந்தேகங்களெல்லாம் இந்தத் தமிழ் நோட்டுக்கு வந்துவிடுகின்றன.

பகலில் தம்போய் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. வாரத்தில் மூன்று மாலை வாகனப் பழுதுபார்ப்பு வகுப்பு. ஆறு மாதம் ஆகிறது. வகுப்புக்கு வெளியே, பக்கத்தில் யாரும் நிற்காமல் நான் தனியாகச் செய்த முதல் பிரேக் வேலை வெள்ளிக்கிழமை செய்ததுதான். கொடுத்தவர் அக்கா கணவர் மகேஸ்வரன் மாமா. தடுத்தவர் அப்பா.

“ஹாரன் மாத்தட்டும், வைப்பர் மாத்தட்டும். பிரேக் வேணாம்லா” என்றார் அப்பா. அப்பா பெயர் காளியப்பன். முப்பது வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஷிப்டுக்கு நாற்பது பேரை ஏற்றி இறக்கிய கை. இன்னொருவர் ஓட்டுகிற வண்டியில் அவர் கண் மூடி நான் பார்த்ததில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார்.

மாமா சிரித்துக்கொண்டே சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அந்தக் காரில்தான் ஞாயிற்றுக்கிழமை கெந்திங் மலைக்குப் போவதாக ஏற்பாடு. காலை ஐந்துக்குப் புறப்பட்டு இரவுக்குள் திரும்புவது. அம்மாவுக்காகத்தான். அம்மா புஷ்பவள்ளி இருபத்திரண்டு வருடம் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில், நீராவிக்கு நடுவே படுக்கை விரிப்பு தேய்த்தவர். போன மாதம்தான் வேலையை விட்டார். எங்கேயாவது போகலாமா என்று அக்கா கேட்டதற்கு, “ஸ்வெட்டர் போட்டுக்கற மாதிரி ஒரு எடத்துக்குப் போலாம்” என்றார். மலிவு விற்பனையில் வாங்கிய ஊதா நிற ஸ்வெட்டர் ஒன்று மூன்று வருடமாகப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது. ஜொகூரில் அதை எங்கே போடுவது?

மாமாதான் ஓட்டுவதாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேலை செய்யும் சிங்கப்பூரிலிருந்து போன் வந்து, ஞாயிறு ஷிப்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஷாமளா அக்காவுக்கு மலைப்பாதை என்றால் பயம். அப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து இரண்டு வாரம், ஓட்டக் கூடாது. ஆக, நான் மாற்றிய பிரேக்கை நானே மிதித்துக்கொண்டு மலை ஏறி இறங்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

பாகோவில் அந்த டிக் இல்லாததைப் பார்த்ததும் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அங்கேயே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். சமதளம், நல்ல வெளிச்சம், ஜாக்கும் அளவு ஸ்பேனரும் பின்னால் இருந்தன. நான் அதைச் செய்யவில்லை. அப்பா எதிரே உட்கார்ந்து நெத்திலியைத் தனியே பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் தாளை நீட்டி, “ஒரு போல்ட்டை இறுக்கினேனா இல்லையான்னு ஞாபகம் இல்லப்பா” என்று சொல்ல வாய் வரவில்லை. கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, காரை வாகன நிறுத்தத்தில் மூன்று முறை ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். நன்றாக நின்றது. பதினோராம் படியை விட்டுவிட்டுப் பன்னிரண்டைச் செய்கிற ஆளா நான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாளை நாலாக மடித்து உள்ளே வைத்தேன்.

கோலாலம்பூர் தாண்டி மலையடிவாரம் வந்தபோது மணி ஒன்பதே முக்கால். சாலையோரம் ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில். மலை ஏறுகிற வண்டிகள் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போகிற இடம். அம்மா நிறுத்தச் சொன்னார். நான் டயர்களில் காற்று பார்க்கக் குனிந்தேன். அம்மா பூசாரியிடம் பேசியது காதில் விழுந்தது.

“சாமி, பூசை கொஞ்சம் நல்லாவே பண்ணுங்க. பிரேக் எங்க பையன் மாத்துனது.”

“பையன் மெக்கானிக்காம்மா?”

“படிக்கிறான், சாமி.”

“அப்போ நல்லாவே பண்ணிரலாம்” என்றார் பூசாரி.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் டயர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். தேங்காய் உடைந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஏறி நசுக்கிவிட்டுக் கிளம்பினேன்.

ஏற்றம் தொடங்கி ஐந்தாறு நிமிடம் இருக்கும். ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம். முன் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடியது. வளைவில் பாதி, எதிரே ஒரு பஸ். கண்ணில் பட்டது ‘பிரேக்’ என்ற ஒரு சொல் மட்டும். மறுபடி பார்ப்பதற்குள் வரி போய்விட்டது. மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

வகுப்பில் நாங்கள் பிரித்து மாட்டுகிற கார்கள் பதினைந்து வருடப் பழையவை. அவற்றில் இப்படி ஒரு விளக்கு கிடையாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இந்தக் காரில் கடைசியாகக் கை வைத்தவன் நான், கை வைத்தது பிரேக்கில், ஒரு டிக் இல்லை.

“என்னடா வெளக்கு அது?” அப்பா கேட்டார்.

“பாக்கறேன்பா.”

“பாக்கறேன்னா? தெரியுமா தெரியாதா?”

“தெரியாதுப்பா.”

அடுத்த ஒதுக்கிடம் வரை கீழ் கியரில் ஊர்ந்து போய் நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன். திரும்ப ஸ்டார்ட் செய்தேன். எழுத்து வரவில்லை, விளக்கு மட்டும் வந்தது. பின்னால் அம்மா ஸ்வெட்டர் உறையை மடியில் வைத்திருந்தார். இனிமேல் மறைக்க வழியில்லை. தாளை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன்.

“இடது பக்கம் ஒரு போல்ட்டு. இறுக்கினேனா இல்லையான்னு தெரியலப்பா. டிக் இல்ல.”

அப்பா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழாக முழுவதும் படித்தார். பதினெட்டுப் படியையும்.

“எப்போ பாத்த இத?”

“பாகோவுல.”

“பாகோவுலயா?” அவர் குரல் உயரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “பாகோவுல பாத்துட்டு, எங்க மூனு பேரையும் ஏத்திக்கிட்டு இவ்ளோ தூரம் வந்துட்ட.”

“அப்பா, விடுங்கப்பா” என்றாள் அக்கா.

“நான் ஒன்னும் சொல்லலம்மா. கேக்கறேன். பஸ்ஸு ஓட்டுற காலத்துல எனக்கு ஒரு சந்தேகம் வந்தா நாப்பது பேரையும் எறக்கி ரோட்டுல நிக்க வெச்சிருக்கேன். திட்டுவாங்க. திட்டட்டுமே.” பிறகு கதவைத் திறந்தார். “எறங்குங்க எல்லாரும். கழட்டு சக்கரத்த.”

இடது முன்சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தினேன். பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க அப்பா ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தார். ஜாக் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, கழற்றிய சக்கரத்தையே காருக்கு அடியில் படுக்கவைத்தேன்; ஜாக் நழுவினாலும் கார் அதன்மேல்தான் உட்காரும். வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. வரிசை மாறவில்லை. அளவு ஸ்பேனரில் வேண்டிய இறுக்க அளவை வைத்து, கீழ் போல்ட்டில் மாட்டி, இழுத்தேன்.

டக்.

போல்ட் ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. அது வெள்ளிக்கிழமையே இறுகியிருந்தது. செய்துவிட்டு டிக் போட மறந்திருக்கிறேன், அவ்வளவுதான். மேல் போல்ட்டையும் பார்த்தேன். டக். குழாயைத் தடவினேன், ஈரமில்லை. பிரேக் எண்ணெய் அளவும் சரியாக இருந்தது. பென்சில் கொண்டுவரவில்லை, அக்காவின் பேனாவால் பதினோராம் படிக்கு எதிரே டிக் போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினேன். அப்பாவிடம் காட்டினேன்.

“சரி. வெளக்கு?”

சக்கரத்தை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். விளக்கு அப்படியே எரிந்தது.

உண்மையில் அப்போதுதான் அதிகம் பயந்தேன். போல்ட் தளர்ந்திருந்தால் இறுக்கியிருப்பேன், கதை முடிந்திருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது, விளக்கும் எரிகிறது என்றால் எனக்குத் தெரியாத வேறு ஏதோ ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். எதை என்று தேடக்கூடத் தெரியவில்லை. வலது சக்கரத்தையும் கழற்றினேன். அங்கேயும் டக், டக். அம்மா ஓரத்துக் கட்டையில் உட்கார்ந்து மேலே மூடியிருந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பரவால்லடா தம்பி, இங்கயே கொஞ்சம் குளிருதுலா” என்றார். அங்கே குளிரவில்லை. அவர் கழுத்தில் வியர்வை இருந்தது.

“திரும்பிரலாம். மெதுவா எறங்கி, கீழ ஒரு கடையில காட்டுவோம்” என்றார் அப்பா.

“அப்பா, எறங்கறதுதான் கஷ்டம். ஏறதுக்கு பிரேக் வேணாம், எறங்கத்தான் வேணும்” என்றேன்.

அக்கா இதற்கிடையில் கார்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். போன வருடம் இரண்டாம் கையாக வாங்கியபோது காரோடு வந்த புத்தகம், யாரும் திறந்ததில்லை. விளக்குகளின் படம் போட்ட பக்கத்தை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

“தம்பி, பிரேக் வெளக்கு இது இல்லடா. பிரேக்குன்னா வட்டம் போட்டு செவப்பா இருக்குமாம். இது கேமரா.”

“எந்தக் கேமரா?”

“முன்னால வண்டி குறுக்க வந்தா தானா பிரேக் பிடிக்குமாமே, அதுக்கு. கேமராவுக்குக் கண்ணு தெரியலன்னா அது வேல செய்யாதுன்னு வெளக்கு போடுமாம்.” அவள் பக்கத்தைத் திருப்பினாள். “முன்கண்ணாடிக்குப் பின்னால, நடுவுல, மேல. அங்க ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, அழுக்கு இருக்கக் கூடாது, எல எதுவும்...”

நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினாள். காரின் முன்னால் போய் நின்று நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அலமாக், அடக் கடவுளே! அங்க குனிஞ்சது போதும், இங்க வந்து மேல பாரு.”

முன் கண்ணாடியின் உச்சி நடுவில், மனிதருக்கு நெற்றி இருக்கிற இடத்தில், நாலு விரல் அகலத்துக்குச் சந்தனம். நன்றாகக் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. அதன் நடுவில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு குங்குமப் பொட்டு. அம்மா கேட்டுக்கொண்டபடி பூசாரி நல்லாவே பண்ணியிருந்தார். உள்ளே உட்கார்ந்தால் பின்பார்வைக் கண்ணாடியும் கேமராப் பெட்டியும் மறைத்துக்கொள்கிற இடம் அது. ஒரு மணி நேரமாக நான் சக்கரங்களையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

அப்பாதான் முதலில் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று நினைவில்லை. காரில் கை ஊன்றிக்கொண்டு, இருமல் வரும் வரை சிரித்தார்.

“சாமி கண்ண மூடிருச்சுலா. காருக்கு.”

“புத்தகத்துல ஸ்டிக்கர் போட்டிருக்கான், எல போட்டிருக்கான், சந்தனம்னு போடவே இல்ல” என்றாள் அக்கா.

நான் துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

“துணியால தொடைக்காதடா! சாமி வெச்சது.”

“அப்புறம் எப்படிம்மா?”

அம்மா யோசித்தார். பிறகு அந்தக் கட்டைமேல் ஏறி நின்று, விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, சந்தனத்தை வழித்து எடுத்தார். எடுத்ததை வீணாக்கவில்லை. தன் கழுத்தில் பூசிக்கொண்டார், அக்காவுக்கு நெற்றியில் வைத்தார், அப்பாவுக்கு வைத்தார். மீதி இருந்ததெல்லாம் எனக்கு. என் நெற்றியில் காருக்கு இருந்ததைவிடப் பெரிதாகவே விழுந்தது. “உனக்குத்தான் வேணும்” என்றார். ஈரத் துணியால் கண்ணாடியைக் கடைசியாக ஒரு முறை துடைக்க அனுமதி கொடுத்தார்.

ஸ்டார்ட் செய்து இரண்டு வளைவு போனதும் விளக்கு தானாக அணைந்தது. பின்னால் அம்மா பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

மேலே பனி கார்க் கண்ணாடிவரை வந்து முட்டியது. அம்மா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடந்தார். கேபிள் காரில் உட்கார்ந்து கீழே பார்க்க மாட்டேன் என்று அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, விரல் இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்தார். பதினொன்றரையிலிருந்து மூன்று மணி வரை, கேபிள் கார் தவிர, அவர் வேறெங்கும் உட்காரவில்லை. இதைப் பற்றி இன்னும் எழுதலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் நான் அங்கே பாதி நேரம் இறக்கத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றே காலுக்கு இறங்கத் தொடங்கினோம். கீழ் கியர். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே போகாமல், வளைவுக்கு முன் ஒரு முறை மிதித்து விடுவது. முன்னால் போன ஒரு காரிலிருந்து பிரேக் கருகும் வாசனை வந்தது. அப்பா பக்கத்து இருக்கையில் இருந்தார். முதல் சில வளைவுகளில் அவர் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. பிறகு எப்போது நின்றது என்று கவனிக்க முடியவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிவாரத்தில் நிறுத்திச் சக்கரத்தின் பக்கம் கையை நீட்டிப் பார்த்தேன். சூடு இருந்தது, இருக்க வேண்டிய அளவு. இரண்டு பக்கமும் ஒரே சூடு. அப்பாவும் இறங்கி வந்து கையை நீட்டினார். இடது பக்கம், பிறகு வலது பக்கம். கையைத் துடைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

சிரம்பான் தாண்டும்போது எனக்கு டோல் அட்டை தேவைப்பட்டது. “அப்பா, அந்த அட்டை” என்றேன். திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பின்னாலிருந்து அக்கா கையை நீட்டி அட்டையை எடுத்துக் கொடுத்தாள். “பேசாம ஓட்டு” என்று கிசுகிசுத்தாள். வானொலியை அணைத்தேன். சிம்பாங் ரெங்கம் வரை அவர் எழவில்லை. இரண்டு மணி நேரம் நான் வண்டி ஓட்டியது போலவே இல்லை. தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல இருந்தது. ஆனால் தோள் வலிக்கவில்லை.

பாகோவில் நான் சொல்லாமல் இருந்தது தவறுதான். போல்ட் இறுகியிருந்தது என்பதால் அது சரியாகிவிடாது. அப்பா அதை மறக்க மாட்டார், நானும் மறக்கக் கூடாது. இதை இங்கே எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“என் மோட்டாருக்கு பின்பிரேக் ஒரு வாரமா கத்துது.”

“ஆ கியோங் ரிப்பேர் கடைக்கு எடுத்துட்டுப் போகவாப்பா?”

“அவன் நாளைக்கு கட தொறக்க மாட்டான்லா.”

அந்தக் கடை திங்கட்கிழமை திறந்திருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“நான் பாக்கறேன்பா.”

“பாரு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு.”

நாளை: ஐந்தரைக்குள் வீட்டுக்கு வர வேண்டும். அப்பாவின் மோட்டார் சைக்கிள் பின்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று தடிமனை அளந்து குறித்துக்கொண்டு, சக்கரத்தைத் திரும்ப மாட்டிவிட்டு ஏழு மணி வகுப்புக்குப் போக வேண்டும்.